மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள்

யாழ்ப்பாணத்தாரின் கைவண்ணம் என்று எல்லாரும் இப்போது புகழ்கிற அந்தக் காலத்தை, வட்டுக்கோட்டையில் எஞ்சின் கழற்றிப் பூட்டியே வயிறு வளர்த்த நான் அவ்வளவு புகழமாட்டேன்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. பெற்றோலும் உதிரிப்பாகங்களும் பொருளாதாரத் தடைக்குள் போயின. தோட்டத்துக்கு இறைக்கிற மிசினும் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய்க்கு மாறின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் பீச்சி உதைக்கவேண்டும். சூடேறினால்தான் மண்ணெண்ணெய் பிடிக்கும். ஒக்ரேன் குறைவு, பாரம் இழுக்கையில் எஞ்சின் தட்டும். ஹெட்டுக்குக் கீழே இன்னொரு கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைப்போம். எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். கழற்றினால் பிஸ்ரன் தலையில் நகத் தடிப்புக்குக் கரி. அதைச் சுரண்டி, வால்வுக்கு அரைப்புப் பசை பூசி, உள்ளங்கைகளுக்கிடையே தடியை உருட்டி உருட்டி வால்வை அதன் இருக்கையில் படியவைப்போம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் கடைந்து பெரிய பிஸ்ரன் போடவேண்டும். பிஸ்ரனுக்கு எங்கே போவது? செத்த வண்டி ஒன்றிலிருந்துதான் வரும். கரண்டும் இல்லை, லேத்தைச் சுற்றவும் இன்னொரு எஞ்சின் வேண்டும், அதுவும் மண்ணெண்ணெய்தான் குடிக்கும்!

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறக்கச் சாமான் வந்தது. 2006 ஓகஸ்ற்றில் பாதை மூட, பழைய போத்தல்கள் திரும்பவும் வெளியே வந்தன. 2022 பெற்றோல் வரிசைக் காலத்திலும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித் தரச்சொல்லி என்னிடம் வந்து கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மிச்சம் பிடிக்கிற காசைவிட எஞ்சின் செய்கிற செலவு கூட.