பொற்கொல்லர்க்கு ஒரு பழி, கல்வெட்டில் ஒரு விடை

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில், 2022ஆம் ஆண்டு அகழாய்வின்போது காப்பு ஒன்றின் துண்டு கிடைத்தது. பொன்னும் செம்பும் சேர்ந்த சிறு துண்டு அது. இராசேந்திர சோழன் அமைத்த தலைநகரின் அரண்மனை இருந்த மேடு அது. அணிந்த கை எது, செய்த கை எது என்று அத்துண்டு சொல்வதில்லை. செய்த கைகளைப் பற்றியே இக்கட்டுரை.

ஆசிரியப் பணியில் இருந்த நாளில் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். ஓராண்டு, அரசியின் சிலம்பைக் களவாடிக் கோவலன்மேல் பழிபோட்ட பொற்கொல்லனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில், கடைசி வரிசை மாணவன் ஒருவன் தலை கவிழ்ந்திருந்தான். பின்னர்க் கேட்டபோது, "எங்கள் அப்பாவும் ஆசாரிதான் ஐயா" என்றான். அன்று எனக்குச் சொல்ல விடை இல்லை. பின்னாளில் தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் சமயத்தவர் எனப் போற்றப்படும் இளங்கோவடிகள், தொழிலைப் பழித்தாரல்லர். ஒருவனின் வஞ்சத்தையே காட்டினார். அதே மதுரையின் மணிக்கடை வீதியை ஊர்காண் காதையில் எத்துணை நுட்பமாகப் பாடுகிறார்! வயிரத்தில் காக்கைக்கால் போன்ற குற்றம், கறை, புள்ளி, கோடு ஆகிய நான்கும் நீங்கியிருக்க வேண்டும் என்கிறார். பொன்னை நான்கு வகையாகப் பிரிக்கிறார். வாங்குவோர் மயங்காதபடி வகை அறிவிக்கும் கொடிகள் பொற்கடை வீதியில் பறந்தன என்கிறார். காப்பியத்தின் வழக்குத் தீர்ந்ததும் தொழில்நுட்பத்தால்தான்: கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல்.

கற்பனைக்கு அப்பால் கல்லிலும் சான்று உண்டு. 1010இல் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டுள்ளன. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல், அணிகளை நிறுக்கத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் எடைக்கல். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை எனத் தரம் பிரித்து எண்ணியுள்ளனர். குறையுள்ள கல்லைக் குறையுள்ளதென்றே வெட்டினர். எடை சொல்லும் இடத்தில், கோத்த சரடும் உள்ளிட்ட அரக்கும் சேர்த்து என்று தெளிவாகக் குறித்தனர்.

அரக்கை ஏன் சொல்ல வேண்டும்? கல் பதிக்கும் முறையை அறிந்தால் விளங்கும். பொன்தகட்டால் சிறு கூடு கட்டி, உள்ளே அரக்கிட்டு, அதன்மேல் மணியை அமர்த்தி, விளிம்புப் பொன்னை மணியின்மேல் அழுத்தி இறுக்குவர். உள்ளிருக்கும் அரக்கு வெளியே தெரியாது. தராசில் மட்டும் பொன்போல் நிற்கும். வஞ்சிக்க நினைப்பவனுக்கு அதுவே வாய்ப்பு. அவ்வாய்ப்பை ஊரறியக் கல்லில் வெட்டி அடைத்தனர் முன்னோர். குறைந்த எடையும் கலப்படமும் கள்ளாமை விரதத்தின் வழுக்கள் என்று தத்துவார்த்த சூத்திரத்தில் படித்த நமக்கு இது புதிதன்று. அந்தக் குந்தவையின் பெயரால்தான் திருமலையிலும் தாதாபுரத்திலும் ஜினாலயங்கள் எழுந்தன.

இத்தொழில் ஏட்டால் வருவதன்று. சிறுவன் முதலில் உமி நெருப்பை ஊதக் கற்பான். ஊதுகுழலில் மூச்சு அடங்கிய பின்னரே மூசையில் பொன் உருக்குதல், கம்பி இழுத்தல், வெங்காரமிட்டுப் பற்றாசால் ஒட்டுதல் எல்லாம். கல் பதிக்கும் வேலை கடைசியில் கைவரும். நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செங்கல் பதித்துப் பொன்தகடு சேர்க்கும் கோயில் அணிகள் இன்றும் கையால் உருவாகின்றன. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. நம் பகுதியிலோ ஆயத்த நகைகள் வந்தபின் பட்டறைகள் அருகிவிட்டன. பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்கின்றனர்.

நம் வீடுகளில் பாட்டியின் பழைய அட்டிகையோ தோடோ இருக்கலாம். அதை மாற்றிப் புதியது வாங்குமுன் பழுது பார்க்கத் தெரிந்த ஆசாரி ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அரக்கு உருகும் மணத்தை அவர்கள் அறியட்டும். அன்று தலை கவிழ்ந்த மாணவனுக்கு நான் காலம் தாழ்த்திச் சொல்லும் விடையும் இதுவே: உன் தந்தையின் தொழிலுக்குச் சான்று, காப்பியத்து வஞ்சகன் அல்லன், அரக்கையும் மறைக்காத அக்கல்வெட்டு.