பித்தப்பையும் ஒரு சிறு தமனியும்

பித்தப்பை அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கற்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1867 ஜூன் 15 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் ஒரு பெண்ணின் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்தார். 1882 ஜூலை 15 அன்று பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக், 43 வயது நோயாளி ஒருவரின் பித்தப்பையையே அகற்றினார். கல்லை எடுத்தாலும் பை மறுபடி கல்லை உண்டாக்கும், எனவே பையே போக வேண்டும் என்பது அவர் வாதம். இவையெல்லாம் உண்மை. ஆனால் பித்தப்பைக் கல் நோய் எப்போது உயிருக்கு உலை வைக்கிறது, இந்த அறுவை எப்படிப் பாதுகாப்பானது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கல்லில் இல்லை. பைக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனியில்தான் இருக்கிறது.

பித்தப்பைத் தமனி பெரும்பாலும் வலது கல்லீரல் தமனியிலிருந்து பிரிகிறது. அது அடைபட்டால் ஈடுகட்டப் பெரிய மாற்று வழி கிடையாது. கல் பையின் வாயை அடைத்ததும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, சுவர் வீங்குகிறது. முதலில் சிரைகளும் பிறகு தமனியின் கிளைகளும் நசுங்க, ரத்தம் எட்டாத திசு அழுகத் தொடங்குகிறது. தமனி நுழையும் இடத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பையின் அடிப்பகுதி என்பதால், ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. மிக அரிதாக, அழற்சி தமனியின் சுவரையே அரித்துவிட, ரத்தம் பித்தநாளத்துக்குள் கசியும். வயிற்றுவலி, மஞ்சள் காமாலை, குடல் வழியே ரத்தப்போக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் இத்தகைய நிலையை மருத்துவர் குவிங்கே 1871-இலேயே விவரித்தார்.

லாங்கன்புக்குக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1879 முதல் பையைத் திறந்து வடித்துவந்த பர்மிங்ஹாமின் லாசன் டெய்ட், பையை அகற்றுவது அபத்தம் என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு: வடித்தால் அழுத்தம் இறங்கும், அறுவையைத் தாங்காத நோயாளிகளுக்கு இன்றும் குழாய் வைத்து வடிக்கிறார்கள். ஆனால் ரத்தமிழந்து அழுகிய சுவரை வடிகால் உயிர்ப்பிக்காது. அதே சமயம் பையை அகற்ற வேண்டுமானால் தமனியைச் சரியாக அடையாளம் கண்டு கட்டியாக வேண்டும். பாரிஸில் ழான் பிரான்சுவா கலோ 1890-களின் தொடக்கத்தில் தம் ஆய்வேட்டில் பித்தப்பை நாளம், கல்லீரல் நாளம், பித்தப்பைத் தமனி மூன்றும் அமைக்கும் முக்கோணத்தை வரையறுத்தார். 1908-இல் ஜேம்ஸ் பிரிங்கிள், கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களை விரலால் இறுக்கிப் பிடித்து ரத்தப்போக்கை நிறுத்தும் முறையை எழுதினார். கலோவின் முக்கோணம் பையை அகற்றுவோருக்கு வழிகாட்டியது. பிரிங்கிளின் உத்தி, கை தவறினால் உயிரைக் காக்க உதவியது.

மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் ஆன்டிபயாடிக்கும் அல்லவா உயிர்களைக் காத்தன என்று கேட்கலாம். அவை இல்லாமல் வயிற்றைத் திறக்கவே முடியாது என்பது சரி. ஆனால் 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் பியோப்ளிங்கனில் எரிக் மூஹே முதல் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைவழி) பித்தப்பை அறுவையைச் செய்தபோது அவை அனைத்தும் கைவசம் இருந்தன. இருந்தும் அம்முறை வேகமாகப் பரவிய 1990-களின் தொடக்கத்தில் பித்தநாளக் காயங்கள் கூடின. பொதுப் பித்தநாளத்தைப் பித்தப்பை நாளம் என்று நினைத்து வெட்டியதும், ரத்தம் கசிந்த இடத்தில் கண்மூடித்தனமாகக் கிளிப் போட்டதும் அதற்கு முக்கியக் காரணங்கள். 1995-இல் அறுவை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவர் குழுவினரும் ஒரு விதியை வலியுறுத்தினர்: பையின் கழுத்தை ஒட்டிய பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் நாளமும் தமனியுமாக இரண்டே இரண்டு குழாய்கள் நுழைவது தெளிவாகத் தெரிந்த பிறகே எதையும் வெட்ட வேண்டும். குறை மருந்தில் இல்லை, அடையாளம் காண்பதில்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நோயாளிக்கும் இதில் பாடம் உண்டு. வலது விலா எலும்புக்குக் கீழே பல மணி நேரம் விடாத வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால், வாயுத் தொல்லை என்று கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பை அழுகும் ஆபத்து அதிகம். அவர்களுக்கு வலி குறைவாகவே தெரியவும் கூடும். ரத்த ஓட்டம் நின்றுபோகும் முன்பே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.