கைவினை வாங்கித் தந்த நிலம்: கே.சி.எஸ். பணிக்கரின் கலைக்கூடமும் சோழமண்டலமும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக் கலைப்பள்ளியின் ஆசிரியராகவும் முதல்வராகவும் விளங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் (1911–1977) படைப்பு, கற்பித்தல், காட்சிப்படுத்தல் ஆகியன தனித்தனியே பேசப்பட்டு வந்துள்ளன. பயின்று வெளியேறும் ஓவியன் எதைக் கொண்டு வாழ்வது என்னும் வினா இம்மூன்றையும் இணைத்தது என்பதையும், நுண்கலைக்குக் கீழாக வைக்கப்பட்ட கைவினையே அவ்வினாவுக்கு விடையானது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைப்பள்ளி, சோழமண்டலம், பத்திக், மெட்ராஸ் இயக்கம்.

முன்னுரை

இந்திய நவீன ஓவிய வரலாற்றை எழுதியோர் நெடுங்காலம் வங்கத்தையும் பம்பாயையும் முன்னிறுத்தியே எழுதினர். சென்னையில் நிகழ்ந்தவை 'மெட்ராஸ் இயக்கம்' என்னும் பெயரில் பின்னரே கவனம் பெற்றன. அவ்வாறு எழுதப்பட்டவற்றிலும் பாணி பற்றிய விவாதமே மிகுதி. கோட்டின் முதன்மை, நாட்டார் மரபின் தாக்கம், தாந்திரிகக் குறியீடு, இந்தியத் தன்மை முதலியன திரும்பத் திரும்பப் பேசப்பட்டன. ஓவியன் அரிசிக்கும் வாடகைக்கும் என்ன செய்தான் என்பது அடிக்குறிப்பாகவே நின்றது. பணிக்கரைப் பொறுத்தவரை அதனை அடிக்குறிப்பில் ஒதுக்க இயலாது. பணிக்காலத்தின் பிற்பகுதியில் அவர் மேற்கொண்ட முயற்சிகளில் பெரும்பாலானவை அதனையே சுற்றி அமைந்தன.

அவருடைய இளமையே இதற்கு ஒரு காரணமாகலாம். கோவையில் பிறந்து, மலபாரின் நீர்நிலைகளையும் தென்னந்தோப்புகளையும் சிறுவயதிலேயே நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கிய அவர், நேரே கலைப்பள்ளிக்கு வந்தவரல்லர். தந்தித் துறையிலும் பின்னர் ஆயுள் காப்பீட்டு முகவராகவும் பணியாற்றிவிட்டு, 1936-இல் இருபத்தைந்தாம் வயதில்தான் மாணவராகச் சேர்ந்தார். பிழைப்புக்கு ஒரு தொழில், மனத்துக்கு ஒரு தொழில் என்னும் பிளவை அவர் பட்டறிந்திருந்தார்.

பள்ளியும் அதன் இரு தளங்களும்

சென்னைக் கலைப்பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவரால் தொடங்கப்பெற்றுச் சில ஆண்டுகளில் அரசின் பொறுப்புக்கு வந்தது. ஓவியர்களை உருவாக்குவது அதன் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை, நகைவேலை ஆகியவற்றில் தேர்ந்த கைகளை உருவாக்குவதும், அளந்து வரையத் தெரிந்தவர்களைத் தருவதுமே அதனிடம் எதிர்பார்க்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலை இப்பள்ளியின் பட்டறையில்தான் தொடங்கி வைத்தார். தென்னாட்டு அடுக்களைகளில் பின்னாளில் பரவிய ஒரு பொருள் ஓவியப் பள்ளி ஒன்றிலிருந்து கிளம்பியது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். அன்றைய பள்ளியின் இயல்புக்கு அது முற்றிலும் பொருந்தியது.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றபோது நிலை மாறியது. அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். சென்னை மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் பள்ளியின் தலைமைப் பாடங்களாயின. ஆனால் பழைய கைவினைத் துறைகள் மூடப்படவில்லை. ஒரே வளாகத்தில் நுண்கலை மாணவனும் கைவினை மாணவனும் பயின்றனர். முன்னவனுக்குக் கிட்டிய மதிப்பு பின்னவனுக்குக் கிட்டவில்லை. இம்மேல்கீழ் வரிசை எவரும் எழுதிவைத்த விதியன்று. ஆயினும் அது பள்ளியின் அன்றாடத்தில் ஊறியிருந்தது.

1941-இல் ஆசிரியராகச் சேர்ந்து, 1957-இல் ராய் சௌத்ரியை அடுத்து முதல்வரான பணிக்கர் இவ்வரிசையை அறிக்கைகளால் எதிர்த்தவரல்லர். கற்பிக்கும் முறையால் அதனைத் தளர்த்தினார். கண்முன் உள்ள உருவத்தை ஒளிநிழலோடு அப்படியே பெயர்த்தெழுதும் பயிற்சிக்கு அருகே, கோயிற் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் கோட்டால் வாங்கிக்கொள்ளும் பயிற்சி இடம்பெற்றது. உடன் பணியாற்றிய சிற்பி எஸ். தனபால் இதில் பெருந்துணையாக நின்றார். நிறத்தைவிடக் கோடே சென்னை ஓவியர்களின் அடையாளம் என்று பின்னர்ச் சொல்லப்பட்டதற்கு வேர் இவ்வகுப்பறைகளில் உள்ளது.

கைவினைத் துறைகளின் அண்மை எவ்வாறு பயன்பட்டது என்பதற்குச் சிற்பி பி.வி. ஜானகிராம் சிறந்த சான்று. கோயில்களில் மூலவர்க்கும் உற்சவர்க்கும் சாத்தப்படும் கவசங்கள் தகட்டில் தட்டி எழுப்பப்படுபவை. முன்புறம் மட்டுமே உடையவை; பின்புறம் வெற்றிடம். ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, வெட்டி, கம்பிகளைப் பற்றவைத்து அமைத்த சிற்பங்கள் இம்முகப்புத் தன்மையையே தம் இலக்கணமாகக் கொண்டன. களிமண்ணில் பிசைந்து வெண்கலத்தில் வார்க்கும் ஐரோப்பிய முறை சிற்பத்தைச் சுற்றிவந்து காணச் சொல்லும். ஜானகிராமின் தகட்டுச் சிற்பமோ சன்னதியில் நிற்பதுபோல் எதிரே நிற்கச் சொல்லும். புதிய ஊடகம் என்று போற்றப்பட்ட இது, கம்மியர் தெருவில் எவர்க்கும் புதிதன்று. அதனைச் சிற்பம் என்று ஏற்ற கண்தான் புதிது.

காட்சிக்கு வைத்தல்

பணிக்கர் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். கல்கத்தாக் குழு 1943-இலும் பம்பாய் முற்போக்குக் கலைஞர் குழு 1947-இலும் தோன்றின என்பதை நோக்கச் சென்னை பின்தங்கி இருக்கவில்லை என்பது தெளிவு. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பம்பாயில் ஓவியம் வாங்குவோரும் அதனைப் பற்றி எழுதுவோரும் மெல்ல உருவாகி வந்தனர். சென்னையில் அத்தகைய சந்தை மிகச் சிறியது. ஆகவே சங்கம் தன் கண்காட்சிகளைப் பிற நகரங்களுக்கும் கொண்டுசென்றது. 1961 முதல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்னும் இதழையும் வெளியிட்டது. காட்சிக்கூடம் போதாத ஊரில் அச்சுத்தாளே காட்சிக்கூடமாயிற்று.

1954-இல் பணிக்கர் ஐரோப்பா சென்று லண்டனிலும் பிற இடங்களிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். வான்காவையும் பின்பதிவுவாதிகளையும் உள்வாங்கி எழுதிய அவருக்கு அப்பயணம் உவகையைவிடக் கலக்கத்தையே மிகுதியாகத் தந்தது எனலாம். அங்கே கற்றதை அங்கேயே திருப்பிக் காட்டுவதில் என்ன உள்ளது என்னும் கேள்வி அதன்பின் அவரை விடவில்லை. 'தோட்டம்' வரிசை ஓவியங்களில் உருவங்கள் தட்டையாகிக் கோட்டுக்குள் அடங்கத் தொடங்கியமை இக்கேள்வியின் முதல் விளைவு.

அச்சுவழிக் காட்சிப்படுத்தலுக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1960-களில் இப்பள்ளியில் பயின்ற கே.எம். ஆதிமூலம், 'கசடதபற' முதலிய தமிழ்ச் சிற்றிதழ்களுக்கு வரைந்தார். ஓவியக் கண்காட்சிக்குள் ஒருநாளும் நுழைந்திராத தமிழ் வாசகர் பலர் நவீனக் கோட்டைக் கதைக்கும் கவிதைக்கும் இடையேதான் முதன்முதலாகக் கண்டனர். தமிழ் இலக்கிய ஆய்வாளர் சிற்றிதழ்களை எழுத்துக்காக மட்டும் புரட்டும் வழக்கத்தால் இப்பகுதி இன்னும் உரிய அளவு ஆராயப்படவில்லை.

மெழுகும் சாயமும்

பட்டயம் பெற்ற மாணவர் முன் இருந்த வழிகள் சில: பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர், விளம்பர நிறுவனப் பணி, நெசவு நிலையத்தில் வடிவமைப்பாளர். எதில் சேர்ந்தாலும் சில ஆண்டுகளில் தூரிகை மூலைக்குப் போனது. தம் திறன்மிக்க மாணவர்கள் இவ்வாறு உதிர்வதை ஆண்டுதோறும் கண்ட ஓர் ஆசிரியரின் கவலையிலிருந்தே 1960-களின் தொடக்கத்தில் ஓவியர் கைவினைச் சங்கம் பிறந்தது. ஓவியர்கள் கூடிக் கைவினைப் பொருள் செய்து விற்பது, அவ்வருவாயில் ஓவியம் தீட்ட நேரம் பெறுவது என்பதே திட்டம்.

விற்றவற்றுள் முதன்மையானது பத்திக் துணி. உருக்கிய மெழுகால் துணியில் எழுதி, சாயத்தில் தோய்த்து, மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஏறாமல் காத்து, அடுத்த நிறத்துக்கு மீண்டும் எழுதும் முறை இது. இறுதியில் கொதிநீரில் மெழுகை நீக்கும்போதுதான் முழு உருவும் தெரியும். மெழுகு வெடித்த கீற்றுகளில் சாயம் புகுந்து உண்டாகும் நரம்புக் கோடுகளை எவரும் முன்கூட்டி முடிவு செய்ய இயலாது. கோட்டில் பயின்ற கைக்கு இது பொருத்தமான தொழில், அழித்தெழுத இடமில்லை.

இம்முறை சாவகத்திலிருந்து சாந்திநிகேதன் வழியாக வந்த புதுவரவு என்பது பொதுவான கருத்து. அண்மைக்கால வரலாற்றுக்கு அது சரி. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளில் அவுரி நீலம் ஏற்றுதற்கு மெழுகுகொண்டு மற்றப் பகுதிகளை மறைக்கும் வழக்கம் இருந்தது. ஓவியர்கள் பின்னர்த் தம் ஊருக்குச் சூட்டிய பெயர், அத்துணிகள் கப்பலேறிய கரையின் பெயரே.

விற்பனை எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. அவ்வருவாயைக் கொண்டே சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டிய சில ஏக்கர் மணல் நிலம் வாங்கப்பட்டது. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. அரசு மானியமோ புரவலர் கொடையோ இதற்கு அடிப்படையன்று.

சொற்களும் குறியீடுகளும்

ஏறத்தாழ இதே காலத்தில், 1963-இல், பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை தொடங்கியது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவருக்கு இதன் பொறியைத் தந்ததாகக் கூறுவர். தொடக்க ஓவியங்களில் இயற்கணிதக் குறிகளும் உரோம எழுத்துகளும் தோன்றின; பின்னர் மலையாள எழுத்தும், சாதகக் கட்டங்களும், பறவை, மீன், பாம்பு உருவங்களும் பரப்பை நிறைத்தன. எழுத்தைக் கற்றவர்க்கும் அது வாசிப்புக்குரியதன்று. சொல்லின் பொருள் உதிர்ந்து அதன் வடிவம் மட்டும் எஞ்சுகிறது. சோதிடரின் ஓலையைப் புரியாமலே மதித்துப் பார்க்கும் ஒருவரின் நிலையில் பார்வையாளர் வைக்கப்படுகிறார்.

கைவினைச் சங்கமும் இவ்வரிசையும் ஒரே காலத்தன என்பதனால் ஒன்று மற்றொன்றின் விளைவு என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆயினும் இரண்டிலும் செயற்படும் மனம் ஒன்றே. சட்டகத்துக்கு வெளியே அன்றாடப் புழக்கத்தில் கிடந்த ஏடு, கட்டம், கணக்கு ஆகியவற்றை ஓவியப் பொருளாக ஏற்றவரே, சந்தையில் விற்கும் துணியை ஓவியனுக்கு இழுக்காகக் கருதாதவர். 1950-களின் பணிக்கருக்கு இரண்டும் எளிதாக வாய்த்திருக்கும் என்று தோன்றவில்லை.

ஈஞ்சம்பாக்கம்

1967-இல் பணிக்கர் ஓய்வு பெற்றார். கிராமத்தில் அவருடைய மாணவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் இணைந்தனர். கூரைக் குடில்கள், மணல், சவுக்கு, அருகே மீனவர் குப்பம். ஒரு பொழுது கைவினைக்கு, மறு பொழுது ஓவியத்துக்கு என்று நாள் பகுக்கப்பட்டது. ஊடகங்கள் ஒன்றோடொன்று கலந்தன. எஸ்.ஜி. வாசுதேவ் செப்புத் தகட்டுப் புடைப்புகளில் இறங்கினார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் பற்றவைத்த உலோகச் சிற்பங்களை உருவாக்கினார். அர்ணவாஸ் போன்ற பெண் கலைஞர்கள் இருந்தனர். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலரே.

இவ்வேற்பாட்டைக் குறையற்றதாகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. விலைபோகும் உருவையே மீண்டும் எழுதச் சொல்வது சந்தையின் இயல்பு. பத்திக்கின் மயிலும் யானையும் சிலருடைய கைகளில் தேய்ந்தன. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் ஆகியோர் பாரிஸ் சென்றனர். வாசுதேவ் பின்னர்ப் பெங்களூரில் குடியேறினார். கே. ராமானுஜத்தின் வாழ்வு வேறொரு வகையில் இக்கிராமத்தின் எல்லையைக் காட்டுகிறது. பேசவும் பழகவும் இடர்ப்பட்ட அவர், மாளிகைகளும் பறக்கும் உருவங்களும் நாகங்களும் நிறைந்த கனவு நகரங்களைப் பேனாமையில் நெருக்க நெருக்க எழுதினார். பணிக்கர் அவரைப் பேணினார். வெளியுலகில் எந்த வேலையிலும் பொருந்தியிருக்கமாட்டாத அவருக்குக் கிராமம் இடமளித்தது. 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அவர் வாழ்வு முடிந்தது. உறைவிடமும் வரைதாளும் தந்த ஒரு கூட்டுறவால் தனிமையைத் தீர்க்க இயலவில்லை.

பணிக்கர் 1977 சனவரியில் மறைந்தார். 2009-இல் கிராமத்தில் மெட்ராஸ் இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் பெரும்பாலும் ஓவியங்களையும் சிற்பங்களையுமே காண்கின்றனர். நிலத்தை வாங்கித் தந்த துணிகள் விற்பனைக்காகவே செய்யப்பட்டவை. வாங்கியவர்களின் வீடுகளில் புடவையாகவும் திரைச்சீலையாகவும் புழங்கித் தேய்ந்தன.