தமிழகத்தில் பள்ளி மாணவர் மிதிவண்டி

தமிழகத்தில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவர்களுக்கு அரசே மிதிவண்டி வழங்கும் வழக்கம் 2001-02 கல்வியாண்டில் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு மட்டும் இருந்த இத்திட்டம் பின்னர் பிற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் மிதிவண்டிகள் வழங்கப்படுகின்றன. வண்டி மாணவர் கைக்கு வந்துவிட்டது. அதை ஓட்டிச் செல்லத் தகுந்த சாலை வரவில்லை. திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரத்தை ஒட்டிய குன்றத்தூர் போன்ற ஊர்களில் இந்த இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

முன்வரலாறு

விடுதலைக்கு முன் தமிழகத்தில் ஓடிய மிதிவண்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து வந்தவை. ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் ஆகியவை வசதி உள்ளவர்களின் வண்டிகளாக இருந்தன. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. குன்றத்தூருக்கு வடக்கே அம்பத்தூரில் அதன் ஆலை அமைந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் உள்நாட்டிலேயே உருவாகத் தொடங்கியபின் ஆசிரியர், தபால்காரர், பால்காரர், ஆலைத் தொழிலாளி எனப் பலரும் மிதிவண்டி வைத்திருக்க முடிந்தது.

சொந்த வண்டி இல்லாத சிறுவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் வண்டி எடுத்து, இருக்கையில் அமரக் கால் எட்டாததால் கம்பிக்கு அடியில் ஒரு காலை நுழைத்துக் 'குரங்குப் பெடல்' போட்டுப் பழகியவர்கள் ஒரு தலைமுறை முழுக்க உண்டு. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே அப்படிப் பழகினர். பெண்பிள்ளை தெருவில் சைக்கிள் ஓட்டுவது பல ஊர்களில் பேச்சுக்கு இடமான செய்தியாகவே இருந்தது.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

இந்நிலையை மாற்றிய பெரிய நிகழ்வு புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991இல் அங்கு அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்துக் கற்பதோடு மிதிவண்டி ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியாக்கப்பட்டது. பெண்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பயிற்சிப் பொறுப்புகள் பிரித்துத் தரப்பட்டன. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் வண்டிகளில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் சென்றனர். இதழாளர் பி. சாய்நாத் இந்த இயக்கத்தைப் பற்றி விரிவாக எழுதி நாடறியச் செய்தார்.

பெண்களுக்கான வண்டி போதிய அளவில் கிடைக்காதபோது பலர் ஆண்கள் வண்டியையே வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அதில் அவர்கள் கண்ட நன்மை. தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. கற்றுத் தருபவர், கடன் தருபவர், சேர்ந்து ஓட்டுபவர் என ஊரே கூடி நின்றதால்தான் கேலியைத் தாண்டி மிதிவண்டி அங்கே நிலைபெற்றது.

அரசுத் திட்டம்

2001-02இல் ஜெயலலிதா ஆட்சிக்காலத்தில் தொடங்கிய மிதிவண்டித் திட்டம் பதினோராம் வகுப்பைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபின், பத்தாம் வகுப்பு வரை உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ படித்த பிள்ளைகள் பலர் மேல்நிலை வகுப்புக்குத் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது. பேருந்து நேரத்துக்கு வராத ஊர்களில் பெண்பிள்ளைகளின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோவது வழக்கமாக இருந்தது. அந்தத் தொலைவைக் கடக்கவே மிதிவண்டி தரப்பட்டது.

2005-06 கல்வியாண்டில் திட்டம் பிற வகுப்பு மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆட்சிகள் மாறியும் திட்டம் தொடர்ந்தது. 2011க்குப் பின் அரசு ஆவணங்களில் 'இலவச' என்ற சொல்லின் இடத்தை 'விலையில்லா' என்ற சொல் பிடித்தது. ஒப்பந்தம் பெறும் நிறுவனங்களில் லூதியானாவின் ஹீரோ, ஏவான் போன்றவை அடங்கும். உதிரிப் பாகங்களாக வந்திறங்கும் வண்டிகள் பள்ளி வளாகத்திலேயே பூட்டப்பட்டு, விழா நடத்தி வழங்கப்படுகின்றன.

2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தனர். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் அவர்கள் கண்டறிந்தனர். பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் தள்ளியிருந்த ஊர்களிலேயே பெரும் பயன் தெரிந்தது.

குன்றத்தூர் வட்டாரம்

குன்றத்தூர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின்மேல் முருகன் கோயிலும் சேக்கிழார் கட்டிய திருநாகேசுவரமும் அருகே செம்பரம்பாக்கம் ஏரியும் கொண்ட வேளாண் ஊராக நெடுங்காலம் இருந்தது. 1990களின் பிற்பாதியில் சுற்றுப்புறம் மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை எனத் தொடர்ந்து வந்தன. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை குன்றத்தூரை ஒட்டிச் செல்கிறது.

ஆலைகளுக்காக அகலப்படுத்தப்பட்ட சாலைகளில் கொள்கலன் லாரிகளும் தண்ணீர் லாரிகளும் நிறுவனப் பேருந்துகளும் ஓடுகின்றன. காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாலைக்கு வருகின்றனர். இத்தகைய சாலையில் பெற்றோர் பிள்ளையை மிதிவண்டியில் அனுப்பத் தயங்குவது இயல்பு. இருசக்கர வாகனத்தில் தாமே கொண்டுவந்து விடுகின்றனர், அல்லது ஷேர் ஆட்டோவில் அனுப்புகின்றனர். அதனால் பள்ளி வாசலில் நெரிசல் கூடுகிறது. அந்த நெரிசலைக் கண்டு மிச்சமிருக்கும் மிதிவண்டிகளும் குறைகின்றன.

சில பிள்ளைகள் உரிமம் இல்லாமலே மோட்டார் சைக்கிளுக்கு மாறுகின்றனர். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடம் தருகிறது. பள்ளி வயதில் பெரும்பாலோர் சட்டப்படி தாமே ஓட்டிச் செல்லத்தக்க வண்டி மிதிவண்டி ஒன்றுதான்.

சாலை குறித்த முயற்சிகள்

1971இல் நெதர்லாந்தில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தனர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் எழுந்தது. குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது. பெருஞ்சாலைகளில் மிதிவண்டிக்குத் தனிப்பாதை பிரிக்கப்பட்டது. இன்று அங்கே பிள்ளைகள் மிதிவண்டியில் பள்ளி செல்வது அன்றாடக் காட்சி. ஸ்பெயினின் பார்சிலோனாவில் 2021 முதல் பிள்ளைகளும் பெற்றோரும் குறித்த நேரத்தில் கூட்டமாக மிதிவண்டியில் பள்ளி செல்லும் 'மிதிவண்டிப் பேருந்து' பரவியது.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வாகனங்களைவிட மனிதர்களின் நடமாட்டத்துக்கு முன்னுரிமை தரச் சொன்னது. 2014இல் சென்னை மாநகராட்சி நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்குமான தனிக் கொள்கையை ஏற்றது. குன்றத்தூர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளதால் அக்கொள்கை அதைத் தொடவில்லை.

மதிப்பீடு

விற்றுவிட்ட வண்டி, காற்று இறங்கி வீட்டில் நிற்கும் வண்டி ஆகியவற்றைக் காட்டித் திட்டத்தைக் குறை கூறுவோர் உண்டு. ஆனால் வண்டி நின்றுபோவதற்குப் பிள்ளையின் அசட்டை மட்டும் காரணமல்ல. பள்ளியில் நிழலான நிறுத்துமிடம், பங்க்சர் ஒட்ட ஆள், பள்ளி நேரத்தில் கனரக வாகனக் கட்டுப்பாடு, சேர்ந்து வரும் குழு ஆகியவை இருக்கும் இடத்தில் வண்டி ஓடும். இவற்றுக்குப் பெரும் செலவு ஆவதில்லை. பள்ளி, பெற்றோர், உள்ளாட்சி, காவல்துறை, ஆலை நிர்வாகங்கள் ஒன்றுகூடினால் போதும். புதுக்கோட்டையில் வண்டியோடு ஊரும் சேர்ந்து வந்தது. தொழில் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு வண்டி மட்டும் வந்திருக்கிறது.