பசிலியாரும் செசாரியா ஏழையர் இல்லமும்

கப்பதோக்கியாவின் தலைநகரான செசாரியா, இன்றைய துருக்கியின் கைசேரி நகரமாகும். கி.பி. 368-369 அளவில் அங்கு கடும் பஞ்சம் ஏற்பட்டது. கடலிலிருந்து தொலைவில் இருந்ததால் வெளியிலிருந்து தானியம் கொண்டுவருவது அரிதாயிற்று. விலை இன்னும் ஏறட்டும் என்று செல்வர்கள் களஞ்சியங்களைப் பூட்டி வைத்தனர்.

அப்போது குருவாக இருந்த பசிலியார் தம் மறையுரைகளில் அவர்களைச் சாடினார். தேவைக்கு மேல் சேர்த்தது ஏழைக்கு உரியது. அதைத் தர மறுப்பவர் திருடருக்கு ஒப்பானவர் என்பது அவரது வாதம். இரக்கத்தை எதிர்பார்த்துக் கெஞ்சும் பேச்சல்ல இது. கடனைத் திருப்பிக் கேட்கும் பேச்சு. களஞ்சியங்கள் திறந்தன. பெரிய பாத்திரங்களில் சமைத்த உணவை அவரே பசித்தோருக்குப் பரிமாறினார் என நண்பர் நசியான் கிரகோரியார் தம் இரங்கலுரையில் கூறுகிறார்.

பஞ்சம் தீர்ந்தும் பணி நிற்கவில்லை. 370இல் ஆயரான பசிலியார், நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் நோயாளருக்கும் இல்லங்கள் எழுப்பினார். மருத்துவர், செவிலியர், பணிமனைகள் எனப் பலவும் அங்கு அமைந்தன. ஊரார் விரட்டிய தொழுநோயாளருக்கும் இடம் கிடைத்தது. இதற்கும் எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆளுநர் எலியாசிடம் சிலர் புகார் சொல்ல, இக்கட்டடங்களால் யாருக்கு என்ன கேடு என்று பசிலியார் கடிதத்தில் கேட்டார். சமயக் கொள்கையில் அவருடன் மோதிய பேரரசர் வாலன்சும் ஏழைகளுக்காக நிலம் வழங்கியதாகத் தியடோரட் எழுதுகிறார்.

ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சொசோமனின் காலத்திலும் அவ்வில்லம் 'பசிலியாஸ்' என்றே வழங்கியது.