ஷிப்ட் பஸ்ஸும் ஃபோர்க் ஆயிலும்

பைக்கின் முன் ஃபோர்க்கை வீட்டிலேயே பிரித்து, ஆயில் மாற்றி, சீல் போட்டுப் பூட்டுகிற பழக்கம் பெங்களூரில் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், நான் முதலில் ஷிப்ட் பஸ்ஸைப் பற்றித்தான் சொல்வேன். 1940-ல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று வரிசையாக ஆலைகள் எழுந்த ஊர் இது. அல்சூரிலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பத்துப் பையன்கள் ஃபிட்டராகவும் டர்னராகவும் அந்த பஸ்களில் ஏறினார்கள். நானும் லேத்தில் நின்று ரிட்டயர் ஆனவன். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கை ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்குமா? வாசலில் நிற்கும் வண்டியைத்தான் பிரிக்கும்.

அப்போது ஆயில் ஃபோர்க்கே புதுச் சரக்கு. அதற்கு முன்பிருந்த கர்டர் ஃபோர்க்கில் ஆயிலுக்கு வேலையில்லை. ஸ்பிரிங் ஆடும், உராய்வுத் தட்டுகளை இறுக்கி அந்த ஆட்டத்தை அடக்குவார்கள். பைப்புக்குள் பைப் ஓடி, உள்ளே இருக்கும் ஆயிலே குதிப்பை அடக்குகிற ஃபோர்க்கை, 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தன் ஆர்12 வண்டியில் கொண்டுவந்தது. 1941-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கான மேட்ச்லெஸ் ஜி3எல் வண்டியிலும் அது வந்துவிட்டது. பெங்களூர் 1809 முதலே கன்டோன்மென்ட். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய 'டிஸ்போசல்' வண்டிகளைப் பற்றி எங்கள் அப்பா தலைமுறை நிறையப் பேசும்.

பிறகு நம் வண்டிகளே வந்தன. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, சென்னை திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்தது. 1961-ல் மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை வண்டி கட்டத் தொடங்கியது. ஜாவாவாக வந்து, எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறியது. மைசூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று பெங்களூர்க்காரர்கள் தைரியமாக வாங்கினார்கள். 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பார்ட்ஸ் வருவதுதான் நின்றது. ஜே.சி. ரோடு, கலாசிபாளையா ஸ்பேர்ஸ் கடைகளில் பழைய ஸ்டாக் தேடுவோம். அங்கே இல்லையென்றால் சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் துழாவுவோம். அங்கும் கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டியதுதான். துரு தின்ற ஃபோர்க் பைப்பைக் கிரைண்டிங் செய்து, ஹார்டு குரோம் போட பீனியாவுக்கு எடுத்துப் போவோம். கம்பெனி கைவிட்ட வண்டியை இப்படி ஆலைக்காரன் தத்தெடுத்துக்கொண்டான்.

ஆயில் விஷயத்தில்தான் ஆலைப் படிப்பு நன்றாகக் கைகொடுத்தது. ஃபோர்க்குக்குள் நடப்பது எளிய காரியம். சக்கரம் ஹம்ப்பில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கும். அது திரும்பத் துள்ளாமல் இருக்க, டேம்பர் ராடில் உள்ள சிறு துளைகள் வழியாக ஆயில் பிதுங்கி ஓட வேண்டும்; அந்த வேகமெல்லாம் சூடாகிக் கரைந்துவிடும். ஆக, ஆயிலின் கெட்டித்தன்மைதான் எல்லாம். சாலையோர மெக்கானிக் பலரும் கையில் இருக்கும் 20W40 இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். எங்களுக்கோ மெஷின்களில் ஊற்றும் ஹைட்ராலிக் ஆயில் பழக்கம். டப்பாவில் விஜி 32 என்று போட்டிருந்தால், 40 டிகிரி சூட்டில் அதன் பிசுக்கு 32 சென்டிஸ்டோக் என்று அர்த்தம். 10W ஃபோர்க் ஆயிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். 20W40 அதே சூட்டில் மூன்று மடங்குக்கும் மேல் கெட்டி. சின்னக் குழியில்கூட ஆயில் வழிவிடாமல் அடி நேராக மணிக்கட்டுக்கு ஏறும். அதனால் விஜி 32 டப்பா வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கமானது.

கருவிகளையும் நாங்களே செய்துகொண்டோம். பாட்டம் கேஸின் அடியில் உள்ள ஆலன் போல்ட்டைக் கழற்றினால் டேம்பர் ராடும் கூடவே சுற்றும். அதனால் ஸ்பிரிங் உள்ளே இருந்து அழுத்திப் பிடித்திருக்கும்போதே அதை லூஸ் செய்துவிட வேண்டும். சர்க்லிப்பை எடுத்து, பைப்பைச் சட்டென்று நாலு தடவை இழுத்தால் பழைய சீல் வெளியே வரும். புது சீலின் உதடு கிழியாமல் இருக்க பைப் முனையில் ஆயில் தடவிய பிளாஸ்டிக் கவரை மாட்டி இறக்கிவிட்டு, பிவிசி பைப் துண்டை வைத்துத் தட்டி உட்கார வைப்போம். ஒழுகலுக்கு எப்போதும் சீலைக் குற்றம் சொல்லக் கூடாது; குரோமில் ஊசிமுனைப் புள்ளி இருந்தால் எந்த சீலும் நிற்காது.

2012-ல் கேடிஎம் 200 டியூக் தலைகீழ் ஃபோர்க்கோடு வந்தது. மேலே தடித்த பைப், கீழே ஒல்லி. சீல் தரைக்குக் கிட்டே சேற்றில் நிற்கிறது. ஷிப்ட் பஸ் ஏறியவர்கள் குறைந்து, இப்போது அதைப் பிரிக்க வருகிறவர்கள் சாஃப்ட்வேர் பிள்ளைகள். டார்க் ரெஞ்ச் சகிதம், வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். "அங்கிள், கம்பெனி சொன்ன மில்லி அளவு ஊத்திட்டேன், போதுமா?" என்று ஒரு பையன் கேட்டான். போதாது. பழைய ஆயில் உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும், காற்றும் இருக்கும். சாதா ஃபோர்க் என்றால் மெதுவாக மேலும் கீழும் அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, பைப் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். இரண்டு காலிலும் ஒரே மட்டம் இருக்கவேண்டும்.

அளந்ததை நோட்டில் எழுதிவை, அடுத்த தடவை பிரிக்கும்போது ஒப்பிட ஆகும் என்றேன். ஆலையில் ஒவ்வொரு ஜாப்புக்கும் இன்ஸ்பெக்ஷன் கார்டு எழுதித்தான் அனுப்புவோம். வீட்டு ஃபோர்க்குக்கும் அந்த ஒழுங்கு வந்துவிட்டால், அவனும் இந்த ஊர் ஃபிட்டர்தான்.