1959-இல் பிரிட்டன் வாங்கிய இசைத்தட்டு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாணைகளைக்கொண்டும் போர்க்குறிப்புகளைக்கொண்டும் எழுதுவது மரபு. கடைக்காரரின் விற்பனைக் குறிப்பைக்கொண்டும் ஓரளவு எழுதலாம். அவ்வகையில், 1959-ஆம் ஆண்டில் பிரிட்டன் மக்கள் மிகுதியாக வாங்கிய இசைத்தட்டுத் தொகுப்பைப் பற்றி இங்கே காண்போம்.

அவ்வாண்டின் எல்லா வாரங்களிலும் பட்டியலின் தலைப்பில் ஒரே தொகுப்புதான் நின்றது. ‘சவுத் பசிபிக்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் பாடல்கள் அடங்கியது அது. 1958 நவம்பர் 8-ஆம் நாள் ‘மெலடி மேக்கர்’ என்ற இசை வார இதழ், தொகுப்புகளுக்கெனத் தனிப் பட்டியல் வெளியிடத் தொடங்கியது. அந்த முதற் பட்டியலிலேயே முதலிடம் பெற்ற இத்தொகுப்பு, இடையறாது 70 வாரங்கள் அங்கேயே வீற்றிருந்தது. 1960 மார்ச்சில் பிரெடி கேனன் என்ற இளம் பாடகரின் தட்டு அதனை ஒரு வாரம் கீழே இறக்கியது. மறு வாரமே பழையது திரும்பிவிட்டது. எல்லாமாகச் சேர்த்து 115 வாரங்கள். அமைச்சர் பலருக்கும் வாய்க்காத பதவிக்காலம்!

மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்து பழகிய நமக்கு ‘ஆல்பம்’ என்ற சொல் சற்றுத் தொல்லை தருவது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசையே அடங்கும். நீண்டதோர் இசைப்படைப்பை விற்க வேண்டுமானால் பல தட்டுகளை உறைகளிலிட்டு, புகைப்பட ஆல்பம்போல் அட்டை கட்டித் தருவார்கள். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மிகையாகச் சுழலும் நீள்தட்டை வெளியிட்டபின், ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடங்களுக்கு மேல் இசை கிடைத்தது. ஆல்பம் போயிற்று; பெயர் மட்டும் தங்கிற்று. 1950-இல் இந்த நீள்தட்டு பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்தது.

இம்மாறுதலில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய தட்டுகளை வார்த்தது அரக்கைக்கொண்டு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கே கப்பலேறி உலகின் தட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் வரத்துக் குன்றியபோது அமெரிக்காவில் தட்டு வார்ப்பதற்கே கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. நீள்தட்டோ வினைல் என்னும் செயற்கைப் பொருளாலானது. அதற்கு அரக்குப் பூச்சியின் தயவு வேண்டியதில்லை.

நீள்தட்டின் விலை, பாட்டொன்றுக்கு ஒரு பக்கமாக வந்த சிறு தட்டைப்போல் பல மடங்கு. ஆகவே 1959-இல் பிரிட்டனில் இரண்டு சந்தைகள் இருந்தன எனலாம். இளைஞர் சிறு தட்டுகளை வாங்கினர். அச்சந்தையில் அவ்வாண்டு பெருவெற்றி கண்டவர் கிளிப் ரிச்சர்டு. அவர் 1940-இல் நம் லக்னௌவில் பிறந்து, 1948-இல் பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர். ரேடியோகிராம் வைத்திருந்த குடும்பத்தினரோ நீள்தட்டு வாங்கினர். லண்டனில் டொமினியன் அரங்கில் 1958 ஏப்ரலில் தொடங்கிய ‘சவுத் பசிபிக்’ படம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. படம் பார்த்துத் திரும்பியவர்கள் தட்டை வாங்கினார்கள். தட்டைக் கேட்டவர்கள் மீண்டும் படத்துக்குப் போனார்கள்.

தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அத்தட்டில் வியப்புத் தராத செய்தி ஒன்று உண்டு. அதில் ஒலிப்பவை பெரும்பாலும் பின்னணிக் குரல்கள். நாயகன் ரொசானோ பிராட்சிக்காகப் பாடியவர் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கின் ஜார்ஜியோ டோட்சி. இளம் படையதிகாரியாக நடித்த ஜான் கெர்ருக்காகப் பாடியவர் பில் லீ. தீவு மாதாக வந்த ஜுவானிட்டா ஹால் மேடையில் அவ்வேடத்தைத் தாமே பாடிப் புகழ் பெற்றவர். எனினும் படத்தில் அவருக்கு மியூரியல் ஸ்மித்தின் குரலைப் பொருத்தினார்கள். லண்டன் மேடையில் அதே வேடம் புனைந்தவர் மியூரியல். நாயகி மிட்சி கேய்னர் சொந்தக் குரலில் பாடினார்.

கதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரத்துச் செவிலிப்பெண் ஒருத்தி, பசிபிக் தீவொன்றில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளியைக் காதலிக்கிறாள். அவருடைய காலஞ்சென்ற மனைவி அத்தீவு இனத்தவள் என்றறிந்ததும் மனங் கூசி விலகுகிறாள். படையதிகாரியும் தான் விரும்பும் ஆசியப் பெண்ணை மணக்கத் துணியவில்லை. அவன் வாயிலாக ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய பாடல் ஒன்று, பிற நிறத்தாரை வெறுப்பது பிறவிக் குணமன்று, பிள்ளைப் பருவத்தில் பெரியவர்கள் புகட்டுவது என்கிறது. 1953-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தாருள் சிலர் அப்பாடலை எதிர்த்துக் கண்டனம் எழுப்பினர். ஹாமர்ஸ்டைனும் இசையமைத்த ரிச்சர்டு ராட்ஜர்ஸும் அதனை நீக்கவில்லை. பிரிட்டன் இல்லங்களில் சுழன்ற தட்டிலும் அப்பாடல் இருந்தது.

டொமினியன் அரங்கில் படம் ஓடிக்கொண்டிருந்த அதே 1958 ஆகஸ்டு இறுதியில், அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள நாட்டிங்ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கூட்டங்கள் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைத் தெருத்தெருவாகத் தேடித் தாக்கின. கலவரம் செப்டம்பரிலும் நீடித்தது. வாடகை வீடுகளின் சன்னல்களில் கறுப்பர் வேண்டா என்று எழுதி வைத்திருந்த காலம் அது. வேற்றூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1959 மே 17-ஆம் நாள் ஆன்டிகுவாத் தீவினரான கெல்சோ காக்ரேன் என்ற தச்சர் அப்பகுதித் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்தனர். அந்த வாரத்திலும் பட்டியலில் முதலிடம் ‘சவுத் பசிபிக்’குக்கே.

வாங்கியவர்கள் அப்பாடலைக் கேளாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. இனிய மெட்டு ஒன்றோடொன்று தொடர்ந்து வரும்போது அதுவும் ஒன்றாகக் கேட்கப்பட்டுக் கடந்திருக்கும் என்பது நம் எண்ணம். விற்பனைப் பட்டியல் கைமாறிய தட்டைச் சொல்லும். காதில் நின்றதைச் சொல்லாது. அன்றியும், அப்பட்டியல் இதழ் நடத்தியோர் விசாரித்த கடைகளின் விடையைக்கொண்டு அமைந்தது. பிறவிடங்களில் விற்றது அதில் ஏற வழியில்லை.

பிறவிடங்களிலும் இசை இருந்தது. டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்ற அம்மையார் 1958-இல் தொடங்கிய ‘வெஸ்ட் இந்தியன் கெசட்’ ஏட்டின் அலுவலகம் தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் சாலையில், ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடியில் நடந்தது. கலவரத்தின் கசப்பு மாறாத நிலையில், 1959 சனவரி 30-ஆம் நாள் செயின்ட் பேங்கிராஸ் நகர மன்றத்தில் அவர் கரீபியத் திருவிழா ஒன்றை நடத்தினார். வெளியே கடுங்குளிர், ஆதலால் தெருவில் நடக்க வேண்டிய விழா மண்டபத்துக்குள் நடந்தது. கலிப்ஸோப் பாடகர் ‘மைட்டி டெரர்’ பாடினார், பி.பி.சி. தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. விழா மலரின் விற்பனைத் தொகையில் ஒரு பகுதி, நாட்டிங்ஹில் நிகழ்ச்சிகளில் தண்டனை பெற்றவர்களின் அபராதத்தைக் கட்டுவதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது.